வாத்தியாருக்கு வீடில்லை

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் யாரையாவது தேடிப் போகிறவர்கள் ஓர் ஆணின் பெயரைச் சொல்லி அவர் வீடு எது என்று கேட்கக் கூடாது. எனக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், கொடிகாமத்துக்குத் தெற்கே, அவர்கள் ஒழுங்கை என்று சொல்லும் ஒரு சந்தின் முனையில், உச்சி வெயிலில், தோல்பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு நான் அப்படி நடுங்கியிருக்க மாட்டேன்.

நான் போனது ஊர் பார்க்க அல்ல. என் இளைய மகள் சிவகாமியை அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குக் கொடுத்திருந்தேன். மாப்பிள்ளை நல்லதம்பி சிதம்பரத்தில் படித்தவர். என் நண்பர் வீட்டு மாடியில் குடியிருந்தவர். குணம் தெரிந்த பிள்ளை. ஊரில் கல்வீடு இருக்கிறது என்றார்கள். கடல் தாண்டிப் பெண் கொடுக்கிறாயே என்று உறவினர்கள் கேட்டபோதெல்லாம் அந்தக் கல்வீட்டைத்தான் நான் பதிலாகச் சொன்னேன். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆவதற்குள், யாழ்ப்பாணத்துச் சுருட்டு வாங்கி விற்கும் ஒருவர் எங்கள் ஊர் மாயவரத்துக் கடைத்தெருவில் என்னை நிறுத்தினார். "உங்க பொண்ணப் பார்த்தேன் சார். தோட்டத்து ஓரத்துல ஓலைக் கொட்டாயில இருக்குது. பெரிய வீட்டுல நாத்தனார் இருக்காங்க" என்றார்.

கேட்டவுடன் எனக்கு மூத்த மகள் கமலா நினைவுக்கு வந்தாள். அதற்கு முந்தின வருஷம்தான் அவள் புருஷன் விஷக்காய்ச்சலில் போனான். காரியங்கள் முடிந்த கையோடு மாமனார் வீட்டார் அவளை மாட்டு வண்டியில் ஏற்றி என் வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் எனக்கு மார்பு அடைக்கும். சிவகாமி "சௌக்கியமாக இருக்கிறேன்" என்றுதான் எழுதிக்கொண்டிருந்தாள். கமலாவும் கடைசிவரை அப்படித்தான் எழுதினாள். நானும் வாத்தியார்தான்; பள்ளிக்கூடத்தில் விடுப்புச் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

கடலில் குடல் புரண்டதையும் ரயிலில் தூங்காததையும் விட்டுவிடுகிறேன். சாவகச்சேரியில் ஏறிய பஸ்ஸைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். கத்தரிக்காய் மூட்டைகளுக்கு நடுவே மனிதர்களுக்கும் கொஞ்சம் இடம் கொடுத்திருந்தார்கள். பாதி வழியில் என்ஜின் புகைந்து நின்றது. சாரதி இறங்கி, ஒரு வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே போய், யாருடைய கிணற்றிலிருந்தோ வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். அவருக்குப் பின்னாலேயே ஓர் அம்மாள் வந்து நின்று, "வேலியைக் கட்டிப்போட்டுத்தான் பஸ் போகோணும்" என்றாள். பிரயாணிகள் யாரும் முணுமுணுக்கவில்லை. சாரதி உட்கார்ந்து வேலியைக் கட்டினார். பஸ் காத்திருந்தது.

பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்து, "வடக்கத்தியாரோ?" என்றார். நம் ஊரில் அந்த வார்த்தை காசி, பம்பாய்ப் பக்கத்து ஆட்களுக்கு. இவர்களுக்கு நாம்தான் வடக்கு. ஆமாம் என்றேன்.

"கண்டவுடனை விளங்கினது. எங்கடை ஆளெண்டால் இவ்வளவுக்குச் சாரதியோடை சண்டைக்குப் போயிருப்பான்."

"ஏன், இப்ப யாரும் போகலையே?"

"அந்த அம்மாவுக்குப் பயம்" என்றார் அவர்.

இறங்கிய பிறகு ஊரையே காணவில்லை. நம் பக்கத்தில் ஊர் என்றால் தெரு. ஒரு வீட்டுச் சுவரில் அடுத்த வீடு சாய்ந்திருக்கும். இந்த வீட்டில் தாளித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். இங்கே மணல் ஒழுங்கை ஒன்று வளைந்து வளைந்து போகிறது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் பனையோலை வேலி. வீடுகள் எல்லாம் வேலிக்கு உள்ளே, மாமரங்களுக்குப் பின்னே. பேச்சுக் குரல் கேட்கும், முகம் தெரியாது.

ஒழுங்கை முனையில் ஒருவர் வேலி அடைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லதம்பி வாத்தியார் வீடு எதுங்க?"

அவர் வாயில் கடித்திருந்த ஓலை நாரை எடுத்தார். "வாத்தியாருக்கு வீடில்லையே" என்றார்.

"இல்லையா?"

"இல்லை. வாத்தியாருக்கேன் வீடு?"

வேலிக்கு அப்பாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "ஆரைத் தேடுறார்?"

"வாத்தியாற்றை வீட்டையாம்."

"அவருக்கு எப்ப வீடு முளைச்சது?" உள்ளே இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். "தாய் வீட்டைக் கேக்கிறாரோ, தங்கச்சி வீட்டைக் கேக்கிறாரோ, பெண்சாதி வீட்டைக் கேக்கிறாரோ எண்டு விசாரியுங்கோ."

கல்வீடு பொய். கொட்டகை மெய். பையனுக்கு ஒன்றுமே இல்லை என்று ஊரே சொல்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வேலி அடைத்தவர் கை காட்டிய திக்கில் நடந்தேன்.

கல்வீடு இருந்தது. கள்ளிக்கோட்டை ஓடு போட்டு, நடுவில் முற்றம் விட்டு, வாசலில் தூண்கள் வைத்த பெரிய வீடு. மாப்பிள்ளையின் தங்கை அன்னபூரணம் வெளியே வந்தாள். அவள் கணவர் மலாயாவில் ரயில்வே கிளார்க். "வாங்கோ மாமா, எப்ப வந்தனீங்கள்? இருங்கோ" என்று பாய் விரித்தாள். பிறகு, "மச்சாள் இஞ்சை இல்லை, அங்காலை அந்தக் கொட்டிலிலை" என்று தன் அண்ணியைப் பற்றிச் சாதாரணமாகச் சொன்னாள். நான் உட்காரவில்லை. அவள் கொண்டுவந்த மோரைத் தொடவில்லை. அதற்குள் சம்பந்தி அம்மாள் கொல்லைப் புறத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மெலிந்த உடம்பு, நேர் பார்வை.

"கல்யாணத்துல கல்லு வீடுன்னு சொன்னீங்களே அம்மா" என்றேன்.

"ஓம். நிக்கிறியளே, இதுதான்."

"இதுல என் பொண்ணு இல்லையே."

"இது என்ரை தாய் எனக்குத் தந்த வீடு. நான் என்ரை மேள் அன்னபூரணத்துக்குக் குடுத்திட்டன். இதிலை உங்கடை மகள் ஏன் இருக்கிறது?"

"பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையா?"

"அவன் பொடியன். பொடியனுக்கு என்ன வீடு?" என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்கள் உங்கடை மேளுக்கு எந்த வீடு குடுத்தனியள்?" என்றார்.

நான் செய்ததைச் சொன்னேன். நகை போட்டேன். வெண்கலப் பாத்திரங்கள், வெள்ளிக் கும்பா, பட்டுப் புடவைகள். சொல்லச் சொல்ல எனக்குத் தைரியம் வந்தது. நம் பக்கத்தில் யாரும் குறை சொல்ல முடியாத சீர்.

"எல்லாம் வந்தது. நல்ல பாத்திரம்" என்றார் சம்பந்தி. "பாத்திரத்துக்குள்ளையோ பிள்ளை குடியிருக்கிறது?"

குற்றம் சொல்ல வந்தவன் நான். ஆனால் அந்த முற்றத்தில் குற்றவாளியாக நின்றதும் நான்தான். பெண்ணை வீடில்லாமல் அனுப்பிய தகப்பன் என்று அந்த ஊர் ஒரு வருஷமாக என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறது.

வழக்கம் இதுதான் என்று பிறகு புரிந்தது. அங்கே வீடு பெண்ணோடு போகிறது. தாய் மகளுக்குக் கொடுப்பாள், அவள் தன் மகளுக்கு. பெண்கள் இரண்டு மூன்று பேர் இருந்தால் வளவை, அதாவது வீட்டு மனையை, பிரித்துக் கொடுப்பார்கள், அல்லது தகப்பன் புதிதாகக் கட்டுவான். மாப்பிள்ளை துணிப்பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்குப் போகிறான். நம் ஊரில் அப்படிப் போகிறவனை வீட்டோடு மாப்பிள்ளை என்று சிரிப்போம். இங்கே போகாதவனைப் பார்த்துத்தான் சிரிப்பு.

கொட்டிலுக்குப் போனேன். மண் சுவர், புதுப் பனையோலைக் கூரை, சாணம் மெழுகிய தரை. வாசலுக்குக் கதவில்லை, ஓலையில் பின்னிய தட்டி ஒன்றை ஒருபுறம் சாத்தி வைத்திருந்தார்கள். சிவகாமி உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து காலில் விழுந்தாள். நான் அவள் கழுத்தைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன், கண்ணுக்குக் கீழே பார்த்தேன். கமலா வந்து இறங்கியபோது இருந்தது எதுவும் இல்லை. கொஞ்சம் கறுத்திருந்தாள். உடம்பு போட்டிருந்தாள்.

"உன்னை இங்க ஒதுக்கி வச்சிருக்காங்களா?"

"இல்லையப்பா. நான்தான் கேட்டு வந்தேன்."

"இந்தக் கொட்டகையையா?"

"ஓம்" என்றாள். பேச்சு மாறியிருந்தது. அவளே சிரித்துவிட்டுத் திருத்திக்கொண்டாள். "ஆமாம்ப்பா. இது என் வீடு. உங்களுக்கு எழுதினா ஓலை வீடுன்னு பதறிப் போவீங்கன்னு எழுதல."

என் வீடு என்று அவள் சொன்னது சாப்பிட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்று புட்டும், முருங்கைக்காய்க் கறியும், தேங்காய்ப்பாலில் புளி விட்ட சொதியும் போட்டாள். நம் ரசத்துக்கும் குழம்புக்கும் நடுவே எங்கோ நிற்கிற மஞ்சள் திரவம் அது. மூன்றாம் முறை ஊற்றச் சொன்னேன்.

மறுநாள் மாப்பிள்ளை பள்ளிக்கூடம் போய்விட்டார். அந்த ஊர் விதானையார், அதாவது கிராமத் தலைவர், என்னை ஊர் சுற்றிக் காட்டினார். குடை, கோட்டு, வெறுங்கால். நடக்கிற வழியெல்லாம் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"ஊரில் எத்தனை பேர் இருப்பாங்க?" என்று கேட்டேன்.

"பொம்பிளையளைக் கேக்கிறியளோ, ஆம்பிளையளைக் கேக்கிறியளோ?"

"ரெண்டு பேரையும்தான்."

"பொம்பிளையள் எத்தினையெண்டு நான் சொல்லுவன். ஆம்பிளையளைத் தபாற்காரனிட்டைத்தான் கேக்கோணும். ஈப்போவிலை கொஞ்சம், கோலாலம்பூரிலை கொஞ்சம், கொழும்பிலை மிச்சம்."

அவர் சொன்னது சரிதான். ஒழுங்கைகளில் பார்த்த ஆண்கள் பெரும்பாலும் பிள்ளைகள், அல்லது பென்ஷன் வாங்கித் திரும்பியவர்கள். பென்ஷன்காரர்களை நடையிலேயே அடையாளம் தெரியும். தாங்கள் வேலை பார்த்த ஸ்டேஷனில் ரயில் வரப்போகிறது போல நடப்பார்கள். கல்வீடுகள் எல்லாம் மலாயாக் காசு. ஓர் அறை முடிந்து அடுத்த அறை பாதியில் நிற்கிற வீடுகளும் உண்டு. "அங்கை உத்தியோக உயர்வு கிடைச்சால் இஞ்சை சுவர் எழும்பும்" என்றார் விதானையார்.

மற்ற வீடுகள் மண் சுவரும் ஓலைக் கூரையும். ஒரே வீடாக இல்லாமல், ஒரு வளவுக்குள் படுக்க ஒன்று, சமைக்க ஒன்று, நெல் வைக்க ஒன்று என்று சிறு சிறு வீடுகள். ஊரில் உள்ள கூரை, வேலி, பாய், கடகம் என்னும் ஓலைக்கூடை, பனங்கட்டி எல்லாம் ஒரே மரம் கொடுத்தது. நெல் மழையை நம்பி ஒரு போகம். புகையிலைக்கும் மிளகாய்க்கும் கிணற்று நீர். ஏற்றம் போன்ற துலா மரத்தின் மேல் ஒருவன் முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவன் ஓலைப் பட்டையால் இறைக்கிறான். காவிரி தானாக வந்து வயலில் ஏறும் ஊரிலிருந்து வந்தவன் நான். ஒரு மிளகாய்ச் செடிக்காக ஒரு மனிதன் அந்தரத்தில் நடப்பதைப் பார்த்ததில் விதானையார் சொன்ன கணக்கைத் தவறவிட்டேன்.

வீடுகளின் பெயரைக் கேட்டுக்கொண்டே வந்தேன். இது செல்லம்மா வீடு, அது தங்கம் வீடு, அந்த மாடி வைத்தது இராசம்மா வீடு. கணவர்களின் பெயரைக் கேட்டால் விதானையார் யோசித்துத்தான் சொன்னார். தங்கம் விதவை. முற்றத்தின் நடுவில் நின்று, புகையிலை வாங்க வந்த வியாபாரியை விரட்டிக்கொண்டிருந்தாள். "உந்த விலைக்கு உங்கடை வீட்டுச் சாம்பலை வாங்குங்கோ!" நம் ஊரில் அவள் பின்கட்டில், யார் கண்ணிலும் படாமல் இருந்திருப்பாள். எனக்குக் கமலாவின் நினைப்பு வந்து நடக்காமல் நின்றுவிட்டேன். விதானையார் என்னை நிழலுக்கு அழைத்துப் போய், வெயில் பழக்கமில்லை போலும் என்றார்.

ஊரின் ஓரத்தில், வயல் வரம்பை ஒட்டி, குனிந்து நுழைய வேண்டிய குடிசைகள் சில இருந்தன. விதானையார் அங்கே கணக்குச் சொல்லவில்லை. மறுநாள் சிவகாமியின் கூரைக்கு ஓலை கொண்டுவந்த வள்ளி அந்தக் குடிசைகளில் ஒன்றைச் சேர்ந்தவள். கிணற்றை அவள் தொடக்கூடாது. சிவகாமிதான் இறைத்து ஊற்றினாள். "உங்க வீடும் உன் பேருதானா?" என்று விவரமில்லாமல் கேட்டுவிட்டேன்.

"எங்களுக்கு ஏது காணி ஐயா?" என்றாள் வள்ளி. "காணிகாரர் எழும்பு எண்டால் எழும்போணும். ஆம்பிளையும் எழும்போணும், பொம்பிளையும் எழும்போணும். அதிலை எங்களுக்குள்ளை வித்தியாசமில்லை." சொல்லிவிட்டுச் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த ஊரை நான் புகழ்ந்து எழுதுகிற இடத்திலெல்லாம் இந்தப் பேச்சையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அன்று மாலை நானாகவே கல்வீட்டுக்குப் போய்ச் சம்பந்தி அம்மாளிடம் மோர் கேட்டு வாங்கிக் குடித்தேன். அவர் எதையும் சொல்லிக்காட்டவில்லை. அன்னபூரணம்தான் விடவில்லை. "இண்டைக்கு மோர் இறங்குதோ மாமா?"

"இறங்குதம்மா. சிவகாமி கொட்டகை இருக்கிற அந்த மூலை நிலம் யாருது?" என்று சம்பந்தியைக் கேட்டேன்.

"என்ரை. பலாமரத்தடியிலை ஒரு துண்டை எனக்கெண்டு வைச்சிருந்தனான். அதைச் சிவகாமியின்ரை பேருக்கு எழுதிப்போட்டன்."

"மருமகளுக்கு எழுதற வழக்கம் உண்டா?"

"மகனுக்குக் குடுக்கிற வழக்கம் இல்லை. மருமகளுக்குக் குடுக்கிற வழக்கமும் இல்லை. ஆனால் வீடில்லாத பொம்பிளையை வளவுக்கை வைச்சிருக்கிறது அதைவிட வழக்கமில்லை." வெற்றிலையை மடித்தார். "அவள் வந்த புதிசிலை இந்த வீட்டிலைதான் இருந்தவள். உப்பு எடுக்கவும் என்ரை மேளின்ரை முகத்தைப் பாப்பாள். படிச்ச பிள்ளை, குரல் வரவர உள்ளுக்குப் போச்சுது. எனக்குப் பாக்க ஏலாமல் போச்சு."

"என்ரை காணியிலை துண்டு போச்சுது மாமா" என்றாள் அன்னபூரணம். "ஆனால் சும்மா சொல்லக் கூடாது, என்ரை குசினி எனக்குத் திரும்பி வந்தது."

"உனக்கு எப்பவும் உன்ரை அடுப்படிதான்" என்றார் தாய்.

நான் கமலாவைப் பற்றி அவர்களிடம் சொன்னேன். இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. வண்டி வந்து நின்றது, அவள் இறங்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தது எல்லாம். பிறகு சம்பந்தி அம்மாள், "இஞ்சையும் ஆம்பிளையள் சாகினம். ஆனால் பொம்பிளை ஏறிப் போறதுக்கு வண்டி வராது" என்றார்.

மடித்த வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, "உங்களாலை கல்வீடு கட்ட ஏலாது. வாத்தியார் சம்பளம் எனக்குத் தெரியும், நானும் ஒண்டைப் பெத்து வைச்சிருக்கிறன்" என்றார். "தகப்பன் கை வைக்காத வீடெண்டு சனம் சொல்லக் கூடாது. ஒரு கதவு போடுங்கோ."

அடுத்த நாள் கொடிகாமம் சந்தைக்குப் போனேன். மாங்காயும் தேங்காயும் வெங்காயமும் குவிந்து கிடந்தன. சந்தைக்குப் பின்னால் ஒரு தச்சரிடம், நிலையோடு சேர்ந்த வேப்பமரக் கதவு ஒன்று செய்து தயாராக இருந்தது. தாழ்ப்பாள் உட்புறம் இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். தச்சர், "தாழ்ப்பாள் வெளியிலை இருந்தால் அது கூடு, ஐயா" என்றார்.

பஸ்காரர் கதவை ஏற்ற மறுத்துவிட்டார். மாட்டு வண்டி பிடித்தேன். எனக்கு வண்டி என்றாலே ஆகாது என்று சொன்னேனே. அன்று நானே ஒன்றில் ஏறி, கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஊருக்குப் பாதி வழியில் சக்கரம் மணலில் புதைந்தது. கதவை இறக்கினால்தான் மாடு இழுக்கும் என்றான் வண்டிக்காரன். இறக்கினோம். பிறகும் மாடு இழுக்கவில்லை, படுத்துக்கொண்டது. வேறு மாடு கொண்டுவர அவன் போய்விட்டான். நடு ஒழுங்கையில் கதவின் மேல் நான் உட்கார்ந்திருந்தேன்.

சந்தையிலிருந்து திரும்பிய பெண்கள் கடகங்களோடு வந்தார்கள். முன்னால் வந்தவள் நின்று பார்த்தாள்.

"கதவு இருக்கு. வீடெங்கை ஐயா?"

"என் பொண்ணு வீடு. சிவகாமி வீடு" என்றேன். யாரும் சொல்லித் தராமலே அப்படி வந்தது.

"ஓ, வடக்கத்திப் பிள்ளையின்ரை தகப்பனோ!" என்று அவர்கள் கடகங்களை இறக்கி வைத்தார்கள். கதவைப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், தச்சர் என்ன சொல்லி என்னை ஏமாற்றியிருப்பார் என்று தங்களுக்குள் ஊகித்தார்கள். கடைசியில் ஒருத்தி, "பரவாயில்லை, உங்களை ஏமாத்தினாலும் மரம் நல்ல மரம்" என்று தீர்ப்புச் சொன்னாள். புது மாடு வந்தபோது அவர்களே கதவைத் தூக்கி ஏற்றினார்கள்.

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் நிலையை நட்டு, மண் அப்பி, கதவை மாட்டினோம். சம்பந்தி அம்மாள் நிலைக்கு மஞ்சள் பூசினார். அன்னபூரணம் தன் வீட்டுக் கதவைவிட இது அரை விரல் உயரம் என்று குறைபட்டுக்கொண்டாள். சிவகாமி தரையைப் புதிதாக மெழுகிவிட்டு, எல்லோரையும் வெளியே போகச் சொல்லி, உள்ளே நின்று கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

அவ்வளவு நாள் என் மார்பில் இருந்த அடைப்பு அந்தச் சத்தத்தில் இளகியது. காற்று உள்ளே போவது தெரிந்தது. மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். நான் போகவில்லை. பள்ளிக்கூடம் விட்டு மாப்பிள்ளை வந்தார். மூடிய கதவையும் என்னையும் பார்த்து, செருப்பைக் கழற்றாமலே பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன மாமா, வெளியிலை நிக்கிறியள்?"

"தட்டலாமான்னு பார்க்கிறேன் மாப்பிள்ளை."

"நீங்கள் தட்டுங்கோ. நான் தட்டினால் திறக்கச் சுணங்கும்."

தட்டினேன்.

"ஆர்?" என்றாள் சிவகாமி உள்ளேயிருந்து. குரல் உரக்க வந்தது.

"நான்தாம்மா, அப்பா. உன் வீட்டுக்காரரும் நிக்கிறார்."

"தரை இன்னும் காயல. ரெண்டு பேரும் போய்க் காலைக் கழுவிட்டு வாங்கோ."

நாங்கள் இருவரும் கிணற்றடிக்குப் போனோம்.